ஆறேகால் மணி மூச்சு

மாலை ஆறேகால் ஆனால் மூன்றாவது மாடியின் இடது பக்க வீட்டு வாசலில் அந்தக் காரியம் தவறாமல் நடக்கும். லிஃப்ட்காரர் மூச்சு வாங்கப் படியேறி வந்து மணியை அழுத்துவார். அடுத்தவர் வீட்டு லிஃப்ட்டையெல்லாம் ரிப்பேர் செய்கிற மனிதர் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது, அது அவர் தலையெழுத்து. மனைவி மூக்கம்மா கதவைத் திறப்பாள். அவர் உடனே உள்ளே வந்துவிடக் கூடாது. நிலைப்படிக்கு வெளியே நின்று, டாக்டரிடம் தொண்டையைக் காட்டுகிற பிள்ளை மாதிரி வாயைத் திறந்து "ஹா" என்று ஊத வேண்டும். அவள் கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்து பார்ப்பாள். ஒரு நொடிதான். பிறகு "வாங்க" என்பாள். அதற்கப்புறம்தான் அவர் ஷூவைக் கழற்றலாம், கருவிப் பையை இறக்கலாம், தன் வீட்டுக்குள் தான் வரலாம்.

பதினோரு மாதம் முன்பு, மறுவாழ்வு மையத்திலிருந்து அவரை அழைத்து வந்த அன்று ஆரம்பித்த வழக்கம் இது. மையத்தில் யாரும் இப்படிச் செய்யச் சொல்லவில்லை. சொல்லப்போனால் செய்யாதே என்றுதான் சொன்னார்கள். அங்கிருந்த கவுன்சலிங் மேடம் இரண்டு பேரையும் எதிரே உட்கார வைத்து, "குடிக்காம இருக்கறது அவரோட வேலைம்மா. நீங்க காவலுக்கு நிக்க ஆரம்பிச்சீங்கன்னா ரெண்டு பேருக்குமே மூச்சு முட்டும். உங்களுக்கும் தூக்கமில்ல, படபடப்புன்னு சொல்றீங்க. அதுக்கும் வைத்தியம் வேணும். செவ்வாய்க்கிழமை குடும்பத்தாருக்குன்னு தனியா கூட்டம் நடக்குது, வாங்க" என்றார். மூக்கம்மா கழுத்து வலிக்கிற அளவுக்குத் தலையாட்டினாள். வீட்டுக்கு வந்து, பெட்டியைக்கூடப் பிரிக்காமல், அவருடைய சாவிக்கொத்திலிருந்து வீட்டுச் சாவியைக் கழற்றித் தன் கொத்தில் கோத்துக்கொண்டாள்.

"இனிமே மணி அடிச்சுத்தான் வரணும். ஊதிட்டுத்தான் உள்ள."

அவர் சரி என்றார். பத்தொன்பது வருஷம் குடித்தவர் எந்த முகத்தை வைத்துக்கொண்டு மாட்டேன் என்பார்?

அவளைக் குற்றம் சொல்லவும் மனசு வரவில்லை. இதற்கு முன் இரண்டு தடவை அவர் குடியை விட்டவர்தான். இரண்டு தடவையும் இவள் நம்பினாள். இரண்டாம் தடவை, மகளின் பிரசவத்துக்கென்று நான்கு நாள் வெளியூர் போய்விட்டுத் திரும்பினால், வீட்டுக் கதவு விரியத் திறந்து கிடக்கிறது, குழாயில் தண்ணீர் ஓடுகிறது, மனிதர் குளியலறைத் தரையில் நெற்றி கிழிந்து கிடக்கிறார். "இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தா..." என்று ஆரம்பித்த டாக்டர் அதை முடிக்காமல் விட்டார். முடித்திருந்தால்கூட ஒருவேளை அவளுக்கு மறந்திருக்கும். இப்போது பேரனுக்கு ஒரு வயது தாண்டிவிட்டது. தத்தித் தத்தி நடக்கிறானாம். பாட்டி போனில்தான் பார்க்கிறாள். மகள் கூப்பிடும்போதெல்லாம் "லீவு இல்லடி" என்பாள். லீவு நிறைய இருந்தது. ஆறேகாலுக்கு வாசலில் நிற்கத்தான் வேறு ஆள் இல்லை.

மூக்கம்மா என்பது பால் நிலையத்தில் வைத்த பேர். அங்கே வண்டியிலிருந்து பால் கேன்களை மேடையில் இறக்குவார்கள். இவள் ஒவ்வொரு மூடியாகத் திறந்து, திறந்த அந்தக் கணமே மூடியின் உட்பக்கத்தை முகர வேண்டும். மாடு என்ன தின்றது, கேனை ஒழுங்காகக் கழுவினார்களா, நேற்றைய மிச்சத்தை இன்றைய பாலில் கலந்துவிட்டார்களா, எல்லாம் அவளுக்குத் தெரிந்துவிடும். நல்லது தொட்டிக்குப் போகும், கெட்டது திரும்பிப் போகும். சந்தேகம் வந்தால் மட்டும் கொஞ்சம் பாலைக் கண்ணாடிக் குழாயில் எடுத்துக் கொதிக்க வைத்துப் பார்ப்பாள். திரிந்தால் கேன் வெளியே. இருபத்திரண்டு வருஷத்தில் அவள் கொதிக்க வைத்தது ஒரு நாளைக்கு இரண்டோ மூன்றோதான். பெரிய அதிகாரிகள் வந்தால் சூப்பர்வைசர் அவளைக் காட்டி, "எங்க மெஷின் இதுதான் சார், கரண்டே வேணாம்" என்பார். அவளுக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

அந்த மூக்குதான் வீட்டிலும் காவல். குடித்துக்கொண்டிருந்த காலத்தில் அவர் இரண்டாவது மாடி திரும்பும்போதே அவள் இங்கிருந்து சொல்லிவிடுவாள். ஏலக்காய் மென்றாலும் நடக்காது, பல் தேய்த்துவிட்டு வந்தாலும் நடக்காது. அவரும் பல தடவை முயன்று மூக்குடைபட்டவர்தான்.

ஒன்று சொல்ல வேண்டும். இந்தப் பதினோரு மாதமும் அந்த வீட்டில் அழுகையாகவே கழியவில்லை. "வாங்க" கிடைத்த பிறகு அவர் டீ குடித்துக்கொண்டே வேலைக் கதை சொல்வார். லிஃப்ட்டில் யாராவது மாட்டிக்கொண்டால் அவர்தான் வெளியே நின்று பேச வேண்டும். அதற்கென்று முறை இருக்கிறது. முதல் கேள்வி, "உள்ள எத்தனை பேர் இருக்கீங்க?" அப்புறம், "கதவைத் தள்ளாதீங்க. ரெண்டு அடி பின்னாடி போய் நில்லுங்க. நான் திறக்கறேன்." எல்லாரும் தள்ளத்தான் செய்வார்களாம். தள்ளத் தள்ளக் கொக்கி இன்னும் இறுகுமாம். ஒரு தடவை ஓர் ஆள் உள்ளேயிருந்து, "ரெண்டு பேரு சார், ஆனா இன்னொருத்தர் பேச மாட்டேங்கறாரு, எனக்குப் பயமா இருக்கு" என்று அலறினான். திறந்து பார்த்தால் ஒரே ஆள். பயத்தில் கண்ணாடியில் தெரிந்த தன்னையும் சேர்த்து எண்ணியிருக்கிறான். இந்தக் கதையை அவர் எத்தனை தடவை சொன்னாலும் மூக்கம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. நான்கு நாள் அடித்துப் போட்டது. ஐந்தாம் நாள் காலையில் மேடைக்குப் போய் முதல் கேனைத் திறந்து முகர்ந்தாள். ஒன்றுமே இல்லை. நல்ல வாடையும் இல்லை, கெட்ட வாடையும் இல்லை. வெறும் காற்று. கேன்மேல்தான் சந்தேகப்பட்டாள். அடுத்ததைத் திறந்தாள். அதிலும் இல்லை. சோப்பைக் கையில் தேய்த்து முகர்ந்தாள், டீசல் வண்டிக்குப் பின்னால் போய் நின்று முகர்ந்தாள். மூக்கு முகத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

அன்றைக்கு மேடையில் எல்லாக் கேனையும் கொதிக்க வைத்துப் பார்த்தாள். கேட்டவர்களிடம், "காய்ச்சல் சீசன், கவனமா இருக்கணும்ல" என்று ஒரு போடு போட்டாள். பாலுக்குக் குழாயும் அடுப்பும் இருந்தன. ஆறேகாலுக்கு எதைக் கொதிக்க வைப்பது?

மணி அடித்தது. கதவைத் திறந்தாள். அவர் "ஹா" என்று ஊதினார். முகத்தில் வெதுவெதுப்பு பட்டது. அதற்குமேல் ஒன்றும் தெரியவில்லை. சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. சொன்னால்? காவல் இல்லை என்று தெரிந்த பிறகு எத்தனை நாள் தாங்குவார்? குளியலறைத் தரை கண்ணில் வந்து நின்றது.

"வாங்க," என்றாள்.

அந்த ஒரு வார்த்தையில் மாட்டியவள்தான். அடுத்த நாளும் சொல்ல வேண்டியதாயிற்று, அதற்கடுத்த நாளும். டாக்டர், "சில பேருக்கு ஒரு மாசத்துல வரும், சில பேருக்கு ஆறு மாசம் ஆகும், சொல்ல முடியாதும்மா" என்று கையை விரித்தார். மூக்கு செய்த வேலையை இப்போது உடம்பு முழுவதும் சேர்ந்து செய்ய வேண்டியிருந்தது. அவர் படியேறும் சத்தத்தை எண்ணினாள், ஏதாவது படியில் கால் தடுமாறுகிறதா என்று. கண் சிவந்திருக்கிறதா என்று பார்த்தாள். அவர் குளிக்கப் போனால் சட்டைப் பையைத் துழாவினாள், கருவிப் பையில் ஸ்பானரைத் தூக்கிப் பார்த்தாள். வேலை நேரத்தில் அவர் கம்பெனிக்கு போன் செய்து, "சாப்பிட்டாரா?" என்று கேட்டாள். அங்கே போன் எடுக்கும் பெண் மூன்றாம் தடவையே, "அம்மா, அவரு என்ன எல்கேஜியா?" என்று கேட்டுவிட்டாள்.

கூச்சத்தைவிட்டு இன்னொரு காரியமும் செய்தாள். மேல்மாடித் தையற்கார அக்காவை ஆறு மணிக்கே டீ குடிக்கக் கூப்பிட்டு, ஆறேகாலுக்கு வாசல் பக்கம் நிற்க வைத்தாள். காரணம் சொல்லவில்லை. அவர் ஊதிவிட்டு உள்ளே போனதும், "அக்கா, ஏதாவது வாடை வந்துச்சா?" என்று காதோடு கேட்டாள்.

"வந்துச்சே. கிரீஸ் வாடை. உன் வீட்டுக்காரர் சட்டைய ஊற வெச்சுத் துவைக்கணும்," என்றாள் அக்கா.

மறுநாள் அதே நேரத்துக்கு டீக்குக் கூப்பிட்டபோது அக்கா ஒரு மாதிரி பார்த்தாள். மூன்றாம் நாள் வரவில்லை. அன்று மூக்கம்மா அவர் கழற்றிப் போட்ட சட்டையைப் பொத்தான் தைக்கிற சாக்கில் மேலே கொண்டுபோய் அக்காவின் மடியில் போட்டாள். பொத்தானெல்லாம் சரியாகத்தான் இருந்தது. அக்கா சட்டையையும் பார்த்தாள், இவளையும் பார்த்தாள்.

"உனக்கு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டாள்.

"எனக்கென்ன," என்று சட்டையைப் பிடுங்கிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

அவளுக்கு என்னென்னவோ இருந்தது. ஐந்தரைக்கே நெஞ்சு அடித்துக்கொள்ள ஆரம்பிக்கும். ஆறு மணிக்கு உள்ளங்கை வேர்க்கும். கதவுக்கும் சமையலறைக்கும் நடப்பாள், நடப்பாள், அடுப்பில் வைத்தது தீய்ந்து புகை வந்து கண் எரிந்த பிறகுதான் தெரியும். அவர் வந்து, ஊதி, உள்ளே உட்கார்ந்த பிறகும் அந்தப் படபடப்பு அடங்காது. முன்பெல்லாம் ஒரு மூச்சில் நிம்மதி வந்துவிடும். இப்போது எது வந்தாலும் நிம்மதி வருவதில்லை. அவர் நிதானமாக இருந்தால், நடிக்கிறாரோ என்று தோன்றும். சிரித்தால், ஏன் சிரிக்கிறார் என்று தோன்றும். செவ்வாய்க்கிழமைக் கூட்டம் அவ்வப்போது நினைவுக்கு வரும். அது ஆறு மணிக்கு. அந்த நேரத்தில் வாசலை விட்டுவிட்டு எங்கே போவது?

மூக்கு போன இரண்டாவது வாரம், ஒரு வியாழக்கிழமை, அவர் வர ஆறே முக்கால் ஆயிற்று. அந்த அரை மணி நேரத்தில் மூக்கம்மா பதினாறு தடவை போன் செய்தாள். எடுக்கவில்லை. மணி அடித்ததும் கதவைப் பிய்த்துக்கொண்டு திறந்தாள். அவர் ஊதினார். கேட்காமலேயே இன்னொரு தடவையும் ஊதினார். ஊதிவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"வாங்க," என்றாள்.

அவர் நகரவில்லை. "வரட்டுமா?"

"அதான் வாங்கன்னுட்டேன்ல."

அவர் முகம் ஒரு மாதிரி சுருங்கியது. உள்ளே போனார், சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவள் பையைத் தலைகீழாகக் கொட்டிப் பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை.

அதற்குப் பிறகு மனிதர் மாறிவிட்டார். டீ குடிக்கும்போது கதை கிடையாது. ஆறேகாலுக்கு வந்து, அவள் முகத்தைப் பார்க்காமல், தரையைப் பார்த்து ஊதுவார். வாரம் ஒரு தடவை போய்க்கொண்டிருந்த குடிநோயாளிகள் கூட்டத்துக்கு இப்போது மூன்று தடவை, வேலைக்குப் போகும் முன் காலையிலேயே கிளம்பினார். கூட்டத்துக்குத்தான் போகிறாரா என்று அவளுக்குச் சந்தேகம். சுவரிலிருந்த காலண்டரில் மட்டும் ஒவ்வொரு நாளையும் விடாமல் சிவப்பு மையால் அடித்துக்கொண்டு வந்தாள். முந்நூற்று முப்பது தாண்டிவிட்டது.

குட்டு உடைந்தது ஒரு வெள்ளிக்கிழமை. அன்று காலை மேடையில் வண்டிகள் வரிசையாக நின்றன. கொதிக்க வைத்துக் கொதிக்க வைத்து இவள் தாமதம் செய்வதைப் பற்றி ஓட்டுநர்கள் ஏற்கெனவே முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் கம்பெனிக்கு போன் போட்டாள். அவர் காலையில் வேலைக்கு வரத் தாமதம் என்றாள் அந்தப் பெண். மூக்கம்மாவுக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. கை தானாக மூடியைத் திறந்தது, தலை தானாகக் குனிந்தது, வாய் தானாக "போகட்டும்" என்றது. குழாயும் இல்லை, அடுப்பும் இல்லை. அப்படியே நான்கைந்து கேன் தொட்டிக்குள் போய்விட்டது.

இரண்டு மணி நேரம் கழித்து ஆய்வகத்திலிருந்து ஆள் ஓடி வந்தான். தொட்டி முழுக்கத் திரிந்துவிட்டது. நாலாயிரம் லிட்டர்.

சூப்பர்வைசர் காலிக் கேன்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். ஒன்றைத் திறந்ததும், சுமை இறக்குகிறவர்கள் எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் நகர்ந்தார்கள். ஒருவன் திரும்பிக்கொண்டு உமிழ்ந்தான். மூக்கம்மா மட்டும் கேனுக்கு மேல் குனிந்து, நன்றாக இழுத்து முகர்ந்து, நிமிர்ந்தாள்.

"நல்லாத்தானே சார் இருக்கு," என்றாள்.

 அவள் சுற்றிலும் பார்த்தாள். எல்லாருடைய கையும் மூக்கில் இருந்தது. அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. நின்ற இடத்திலேயே கூசிப் போனாள்.

சூப்பர்வைசர் மூடியை மூடினார். கத்துவார் என்று எதிர்பார்த்தாள். அவர் கத்தவில்லை. "எத்தனை நாளாம்மா?" என்று கேட்டார்.

"ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு சார்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? வேற வேலை குடுத்திருப்பேனே."

"சொன்னா வீட்டுக்குத் தெரிஞ்சிடும் சார்."

அவருக்கு இதில் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. மூக்கு திரும்பும்வரை கேன் கழுவும் பக்கம் போகச் சொன்னார். பிறகு தொட்டியைத் திறந்துவிட்டார்கள். சாக்கடையில் வெள்ளை வெளேரென்று பால் ஓடியது. இருபத்திரண்டு வருஷத்தில் அவள் பார்க்காத காட்சி. அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இன்று பால் போயிற்று, நாளை மனிதர் போவார் என்று நினைத்தாள். இனிமேல் முடியாது, சொல்லிவிட வேண்டியதுதான் என்று அங்கேயே முடிவு செய்தாள்.

ஆறேகால். மணி அடித்தது. திறந்தாள். அவர் தரையைப் பார்த்து ஊதினார்.

அவள் "வாங்க" என்று சொல்லவில்லை.

அவர் காத்திருந்தார்.  சொல்ல வேண்டியதை வழியெல்லாம் கோத்துவைத்திருந்தாள், ஒன்றும் வெளியே வரவில்லை. அவர் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு பையை இறக்கி வைத்துவிட்டு, மேல்மாடிக்குப் போகும் முதல் படியில் உட்கார்ந்தார்.

"வாங்கன்னு சொல்லல. ஒரு வழியா கேக்கறே," என்றார். "அந்த வியாழக்கிழமையே கேப்பேன்னு நெனச்சேன்."

"எந்த வியாழக்கிழமை?"

"குடிச்சுட்டு வந்தேன்ல. லேட்டா."

மூக்கம்மா நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"காரணம் கேட்டா ஒண்ணும் இல்ல," என்றார் அவர். "சண்டை இல்ல, சச்சரவு இல்ல. வேலை நல்லபடியா முடிஞ்சுது. கால் பாட்டுக்கு அந்தப் பக்கம் போச்சு. ரெண்டு கிளாஸ். படியேறும்போது நெனச்சேன், அவ மோந்து பாத்ததும் கத்துவா, கதவைச் சாத்துவா, மையத்துக்கு போன் போடுவா. போடட்டும்னுதான் வந்தேன். தெரியலையோன்னு ரெண்டாந்தடவையும் ஊதினேன். நீ வாங்கன்னுட்டே."

"ஐயோ..."

"இரு, சொல்லிடறேன். உனக்குத் தெரியாம இருக்குமா? ரெண்டாவது மாடியில திரும்பும்போதே கண்டுபிடிக்கறவ நீ. அப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு. இவ என்னைக் கைகழுவிட்டா. குடிச்சா குடி, கெடந்தா கெடன்னு விட்டுட்டா. அடிச்சிருந்தாகூட அப்படி வலிச்சிருக்காது." அவர் கையைப் பிசைந்தார். "மறுநாள் காலையில கூட்டத்துல எழுந்து நின்னு சொன்னேன். ஒண்ணுலேருந்து எண்ண ஆரம்பிச்சேன். இன்னிக்கும் கூட்டத்துக்குப் போயிட்டுத்தான் வேலைக்குப் போனேன், லேட்டாயிடுச்சு. இன்னியோட இருபத்திரெண்டு நாள்."

உள்ளே சுவரில் முந்நூற்று முப்பது சொச்சம் சிவப்புக் கோடுகள் இருந்தன.

"எனக்கு மூக்கு இல்லீங்க," என்றாள் மூக்கம்மா.

"என்னது?"

"அந்தக் காய்ச்சல்லயே போயிடுச்சு. ஒரு வாடையும் தெரியல. நீங்க ஊதினது எதுவும் எனக்குத் தெரியாது. தினமும் சும்மா வாங்க வாங்கன்னு சொல்லிட்டிருந்தேன். இன்னிக்கு நாலாயிரம் லிட்டர் பாலைக் கெடுத்துட்டேன்."

அவர் வாயைத் திறந்தபடியே இருந்தார். "அப்ப நீ கைகழுவல?"

"கழுவறதா! உங்க அழுக்குச் சட்டையை எடுத்துட்டுப் போய் மாடி அக்கா மூக்குல வெச்சவ நான். அந்தம்மா என்னைப் பைத்தியம்னு நெனச்சிருக்கும்." சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பென்று ஆரம்பித்தது பாதியில் அழுகையாகி, நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "எனக்கு முடியலீங்க. அஞ்சரை ஆனா நெஞ்சு அடிச்சுக்குது. நீங்க வந்தாலும் நிக்க மாட்டேங்குது. பேரனைப் பாக்கணும்னு இருக்கு. இந்தக் கதவை விட்டு நகர முடியல."

இரண்டு பேரும் வாசலுக்கு வெளியே ஒருவர், உள்ளே ஒருவராக உட்கார்ந்திருந்தார்கள். அவளுடைய மனசு ஒரே கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தது. அவர் குடித்த அன்றைக்கு அவள் வாசலில்தான் நின்றாள், தடுக்கவில்லை. குடிக்காமலிருந்த இந்த இருபத்திரண்டு நாளும் அவள் மூக்கு அவருக்குத் துணையாக இல்லை. அப்படியானால் பதினோரு மாதமாக எதைத்தான் காத்தாள்? அந்த நினைப்பு ஆறுதலாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

"செவ்வாய்க்கிழமைக் கூட்டத்துக்குப் போறியா?" என்று அவர் மெல்லக் கேட்டார். "எனக்காக இல்ல. உனக்காக."

"ஆறு மணிக்கு வெச்சிருக்காங்க அது."

"அதனாலதான் கேக்கறேன்."

அவள் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து, வளையத்திலிருந்து வீட்டுச் சாவியைக் கழற்றப் பார்த்தாள். நகம் உடைந்தது. கொத்து இரண்டு தடவை கீழே விழுந்தது. அவர் உதவிக்குக் கை நீட்டவில்லை, பார்த்துக்கொண்டு இருந்தார். கழன்றதும் நிலைப்படிக்கு மேலாக நீட்டினாள். அவர் பிடித்த பிறகும் அவள் விரல் சாவியை விடக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

மறுநாள் சனிக்கிழமை. மணி அடிக்காது என்று தெரியும். கதவுப் பக்கம் போகக் கூடாது என்று ஐந்தரைக்கே தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். துணி மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள். ஆறேகாலுக்குப் பார்த்தால் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்து நின்றாள் என்று அவளுக்கே தெரியாது. இரண்டு உள்ளங்கையும் பலகையில் பதிந்திருந்தன. நெற்றியும் பலகையில் இருந்தது. படியில் காலடிச் சத்தம் கேட்டது. முதல் மாடி. இரண்டாவது மாடி. தடுமாறுகிறதா, இல்லையா? தெரியவில்லை. உடம்பெல்லாம் வேர்த்தது. நகர வேண்டும் என்று நினைத்தாள், கால் அசையவில்லை.

காலடி வாசலில் வந்து நின்றது. சாவி துவாரத்தில் நுழைந்தது. ஆனால் திரும்பவில்லை. கதவின் கீழ் இடுக்கில் அவள் பாதங்களின் நிழல் வெளியே தெரிந்திருக்க வேண்டும்.

 பிறகு வெளியேயிருந்து குரல் வந்தது. வீட்டில் பேசுகிற குரல் இல்லை. நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாக, முன்பின் தெரியாதவர்களிடம் பேசுகிற வேலைக் குரல்.

"உள்ள எத்தனை பேர் இருக்கீங்க?"

மூக்கம்மா நெற்றியைப் பலகையிலிருந்து எடுத்தாள்.

"ஒருத்திதான்," என்றாள்.

"பயப்படாதீங்க. கதவைத் தள்ளாதீங்க. ரெண்டு அடி பின்னாடி போய் நில்லுங்க. அவசரமே இல்ல. நான் இங்கதான் இருக்கேன்."

பலகையிலிருந்து ஒரு கையை எடுத்தாள். பிறகு மற்றதை. ஓர் அடி பின்னால் வைத்தாள். அதற்குமேல் முடியவில்லை, அங்கேயே நின்று மூச்சு வாங்கினாள். வெளியே அவர் ஒன்றும் கேட்கவில்லை, சாவியையும் அசைக்கவில்லை. இன்னோர் அடி வைத்தாள்.

"ம், திறங்க," என்றாள்.